சாயங்காலம் வந்து கேட்கிறோம்

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஓடும் மின்சார ரயிலை நம்பிப் பிழைத்தவர்கள் நாம். பல்லாவரத்தில் வீடு, பாரிமுனையில் வேலை. அந்த வண்டி இல்லையென்றால் நம்மில் பாதிப் பேர் இந்த ஊர்ப்பக்கம் மனை வாங்கியிருக்கவே மாட்டோம். ஆனாலும் அது எப்போது வந்தது, ஏன் வந்தது என்று பிள்ளைகள் கேட்டால், "வெள்ளைக்காரன் போட்டது" என்பதோடு முடித்துக்கொள்கிறோம். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

செங்கல்பட்டு வழியாக மதராசுக்கு மீட்டர் கேஜ் பாதை 1870களிலேயே வந்துவிட்டது. தென்னிந்திய ரயில்வேயின் நீராவி வண்டிகள் தெற்கேயிருந்து வந்து எழும்பூரில் நின்றுவிடும். 1908இல் திறந்த அந்தச் சிவப்பு நிலையத்தை இன்றும் ஆசையாகப் படமெடுக்கிறோம். ஆனால் துறைமுகமும் உயர் நீதிமன்றமும் வியாபாரக் கிடங்குகளும் அதற்கும் அப்பால், கடலோரத்தில் இருந்தன. புறநகரிலிருந்து ஆட்களை அங்கேயே கொண்டுபோய் இறக்க ஒரு வண்டி தேவைப்பட்டது. இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒரு தரம் நின்று கிளம்புவது நீராவி எஞ்சினுக்குச் சுமை. மின்சார வண்டியோ நின்ற கையோடு வேகமெடுக்கும். இரு முனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதால், கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மறுபக்கம் மாட்டும் வேலையும் இல்லை. 1925இல் பம்பாய் இதைச் செய்து காட்டியது. 1931இல் மதராசுக்கு வந்தது: 1,500 வோல்ட் நேர்மின்சாரம், கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை சுமார் 29 கிலோமீட்டர். தென்னிந்தியாவிலேயே முதல் மின்சார ரயில் அதுதான்.

மாம்பலத்து ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழுந்துகொண்டிருந்த காலம் அது. ஜார்ஜ் டவுனில் நெருக்கடியில் இருந்த கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக் காட்டுக்கு இடம் மாறியது. அவ்வளவு தூரம் போகலாம் என்ற துணிச்சலில் இந்த வண்டிக்கும் பங்கு உண்டு என்றே நான் நம்புகிறேன். குரோம்பேட்டை என்ற பெயர் குரோம் முறையில் தோல் பதனிட்ட ஆலையிலிருந்து வந்தது. சானடோரியம் என்பது காசநோய் மருத்துவமனை. தினமும் ஒலிபெருக்கியில் கேட்கிற பெயர்கள். எத்தனை வீட்டில் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்?

1967இல் 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரத்துக்கு மாறினார்கள். பிறகு அகலப்பாதை வந்தது. 2004இல் மீட்டர் கேஜ் மின்சார வண்டி நின்றே போனது. எழுபத்து மூன்று வருஷம் நம்மைச் சுமந்த வண்டி. அந்த வாரம் நான் குரோம்பேட்டையில்தான் இருந்தேன்; வழியனுப்பப் போகவில்லை. புது வண்டியில் உட்கார இடம் கிடைக்குமா என்பதுதான் எங்கள் பேச்சாக இருந்தது.

என் பங்கு இன்னும் பெரிது. அப்பா, தான் வாங்கிய சீசன் டிக்கெட்டுகளையும், கனத்த அட்டையில் அச்சடித்த பழைய பயணச்சீட்டுகளையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். வீடு மாறும்போது பழைய பேப்பரோடு அதை எடைக்குப் போட்டவன் நான். எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் வெள்ளிவிழா மலர் கொண்டுவந்தபோது மெட்ரோ வாட்டர், பிள்ளையார் கோயில், தெருவிளக்கு என்று எல்லாவற்றையும் எழுதினோம். ஸ்டேஷனைப் பற்றி ஒரு பத்தி இல்லை. அந்த மலர்க் குழுவில் நானும் ஒருவன். யாருக்கும் அது தோன்றவே இல்லை.

எதிர்வீட்டுத் திண்ணையில் ஒரு தாத்தா இருந்தார். பாதையோரம் மின்கம்பம் நடுவதைச் சிறுபிள்ளையாக நின்று பார்த்தவர். எஞ்சினும் இல்லாமல் புகையும் இல்லாமல் வண்டி வந்த அன்று அவருடைய அம்மா பயந்துபோய் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாராம். 1980களில் ஒரு காலை அதைச் சொல்லிவிட்டு, கம்பம் நட்டவர்கள் எந்த ஊர் ஆட்கள், ராத்திரி எங்கே படுத்தார்கள் என்று ஆரம்பித்தார். நாங்கள் நாலைந்து பேர் நின்றிருந்தோம். கேட் மூடும் மணி அடித்தது. "சாயங்காலம் வந்து கேட்கிறோம் தாத்தா" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினோம்.