சாயங்கால யூனிட்டுக்குத் தனி விலை வருமுன் ரீடிங் எழுதி வையுங்கள்



வீட்டுக் கரண்ட் பில்லில் இதுவரை எத்தனை யூனிட் என்பது ஒன்றுதான் கணக்கு. இனி அது எந்த நேரத்து யூனிட் என்பதும் கணக்கில் சேரப்போகிறது. மத்திய மின்துறை அமைச்சகம் 2023 ஜூன் மாதம் மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. விவசாய இணைப்பு நீங்கலாக எல்லோருக்கும் நேரவாரிக் கட்டணம் என்றும், வீடுகளுக்கு அது 2025 ஏப்ரல் 1 முதல் என்றும் அந்தத் திருத்தம் சொல்கிறது. வெயில் மின்சாரம் கிடைக்கும் பகல் நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் தள்ளுபடி உண்டு. உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல். ஸ்மார்ட் மீட்டர் மாட்டிய பிறகுதான் இதெல்லாம் நடைமுறைக்கு வரும். தமிழ்நாட்டில் அதற்கான டெண்டர் 2024 டிசம்பரில் ரத்தானது. தேதி கடந்துவிட்டாலும் நம் வீட்டுச் சுவரில் பழைய மீட்டரே ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த அவகாசம் இருக்கும்போதே உங்களிடம் ஒரு காரியம் கேட்கிறோம்.

நாங்கள் சேலம், நாமக்கல் மாவட்டத் தறிக்காரர்கள், ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர்கள், குடும்பத் தலைவிகள். எந்தக் கட்சியின் சார்பிலும் இதை எழுதவில்லை. நேரவாரிக் கட்டணமே அநியாயம் என்று கொடி பிடிக்கவும் வரவில்லை. அதில் நியாயம் இருக்கிறது. பகலில் தமிழ்நாட்டில் சூரிய மின்சாரம் ஏராளம். பொழுது சாய்ந்ததும் அது நின்றுபோகிறது. அந்த நேரத்தில்தான் வீட்டுக்கு வீடு விளக்கு, ஃபேன், டிவி, ஏசி எல்லாம் ஓடும். 2024 மே 2 அன்று மாநிலத்தின் மின்தேவை 20,830 மெகாவாட் வரை போனது. மாலைப் பற்றாக்குறைக்கு மேட்டூர் அனல் நிலையம் போன்றவற்றை முடுக்கிவிட்டும் போதாதபோது, வாரியம் மின்சந்தையில் வாங்குகிறது. அந்தச் சந்தையில் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று உச்சவரம்பு இருக்கிறது. கோடையில் மாலை விலை அதைத் தொடும் நாட்களும் உண்டு. 2012-ல் சென்னை தவிர்த்த மாவட்டங்களில் பாதி நாளுக்கு மேல் கரண்ட் இல்லாமல் தறிகள் நின்றதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்தக் காலம் திரும்பாமல் இருக்க, மாலைச் சுமையில் கொஞ்சத்தைப் பகலுக்கு நகர்த்தச் சொல்வதில் தப்பில்லை.

நேரம் பார்த்து சுவிட்ச் போடுவதும் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. மும்முனை மின்சாரம் முறை வைத்து வந்த காலத்தில், நடுச்சாமத்தில் டார்ச் லைட்டோடு கிணற்று மேட்டுக்கு நடந்தவர்கள் நம் அப்பாக்கள்.

ஆனால் எல்லா வீட்டாலும் நகர்த்த முடியுமா? பள்ளிபாளையத்திலோ இளம்பிள்ளையிலோ கணவன் மனைவி இருவரும் தறிக்கூடத்துக்குப் போகும் வீடு காலையிலிருந்து பூட்டிக் கிடக்கும். கோழிப்பண்ணைக்கும் சேகோ ஆலைக்கும் வேலைக்குப் போகிறவர்கள் வீடும் அப்படித்தான். இருட்டிய பிறகு திரும்பி வந்துதான் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்ப வேண்டும், கிரைண்டரில் மாவாட்ட வேண்டும், பிள்ளைகளின் சீருடைக்கு இஸ்திரி போட வேண்டும். இவர்களுக்குப் பகல் தள்ளுபடி கைக்கு எட்டாது. மாலைக் கூடுதல் மட்டும் தப்பாமல் வரும். பகலெல்லாம் ஆள் இருக்கிற, வாஷிங் மெஷினை மதியம் ஓட்டக்கூடிய, மாடியில் சோலார் போட்ட வீட்டுக்கு இது லாபம். வசதி உள்ளவனுக்குச் சலுகை, வேலைக்குப் போகிறவனுக்கு அபராதம் என்று முடிந்துவிடக் கூடாது என்பதுதான் எங்கள் கவலை. வீட்டிலேயே இருக்கும் முதியவர்களுக்கும் கைத்தறி நெசவாளர்களுக்கும் இதனால் நன்மை உண்டு என்பதையும் மறைக்கவில்லை.

தொகை பெரிதா என்று கேட்பீர்கள். யூனிட் 4 ரூபாய் 80 காசு என்று வைத்தால் 10 சதவீதம் என்பது 48 காசு. இரண்டு மாதத்தில் மாலையில் 100 யூனிட் எரித்தால் 48 ரூபாய். இதைக் கொள்ளை என்று கூவ மாட்டோம். ஆனால் விதியில் உள்ள ‘குறைந்தது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். 10 சதவீதம் என்பது தரை. அதற்குக் கூரை எழுதப்படவில்லை. உயரழுத்த மின்சாரம் வாங்கும் ஆலைகளுக்கு என்ன நடந்தது என்று பார்த்தால் புரியும். 2022-க்கு முன் அவர்களுக்கு உச்ச நேரம் காலையில் 3 மணி நேரம், மாலையில் 3 மணி நேரம். கூடுதல் 20 சதவீதம். 2022 செப்டம்பர் கட்டண ஆணைக்குப் பிறகு காலையில் 4 மணி நேரம், மாலையில் 4 மணி நேரம். கூடுதல் 25 சதவீதம்.

இன்னொரு சிக்கல் நம் மாநிலத்துக்கே உரியது. 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கிறது. நேரவாரி மீட்டர் வந்தால் அந்த 100 யூனிட்டை எந்த நேரத்துக் கணக்கில் கழிப்பார்கள்? மலிவான பகல் யூனிட்டில் கழித்தால் சலுகையின் மதிப்பு சத்தமில்லாமல் குறையும். மாலை யூனிட்டில் முதலில் கழிக்க வேண்டும் என்று நாம் கேட்டாக வேண்டும். அடுத்தது 500 யூனிட் எல்லை. அதை ஒரு யூனிட் தாண்டினாலும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் பாதி விலை போய்விடும். பில்லில் 200 ரூபாய்க்கு மேல் ஏறிவிடும். பகலில் மலிவு என்று நம்பிக் கூடுதலாக எரித்து, அந்த எல்லையைத் தாண்டிய குடும்பத்துக்குத் தள்ளுபடியால் என்ன பயன்?

மற்ற இடங்களில் பல விதமாகச் செய்திருக்கிறார்கள். கேரளத்தில் மாதம் 250 யூனிட்டுக்கு மேல் எரிக்கும் வீடுகளுக்கு மட்டும்தான் நேரவாரிக் கட்டணம். மாலை 6 முதல் 10 வரை 25 சதவீதம் கூடுதல், பகலில் 10 சதவீதம் குறைவு. மகாராஷ்டிரத்தில் 2025 ஜூலை முதல் ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகளுக்குக் காலை 9 முதல் மாலை 5 வரை யூனிட்டுக்கு 80 காசிலிருந்து தள்ளுபடி தருகிறார்கள். இலங்கையில் வீடுகளுக்கு இது விருப்பத் தேர்வு. வேண்டியவர் எழுதிக் கொடுத்து மாறிக்கொள்ளலாம். ஸ்பெயினில் 2021 ஜூனில் அரசு நிர்ணயிக்கும் கட்டணத்தில் இருந்த வீடுகளுக்கெல்லாம் ஒரே நாளில் கட்டாயமாக்கினார்கள். வார நாட்களில் நள்ளிரவுக்கு மேல்தான் மலிவு என்றதும், அர்த்தராத்திரியில் எழுந்து இஸ்திரி போடச் சொல்கிறார்கள் என்று ஊரே கேலி பேசியது.

இவற்றைப் பார்த்து நாங்கள் கேட்பது சுருக்கமானது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் எரிக்கும் வீடுகளுக்குப் பகல் தள்ளுபடி மட்டும் போதும், மாலைக் கூடுதல் வேண்டாம். அதற்கு மேல் எரிப்பவர்களுக்கும் முதல் ஓராண்டு விருப்பத் தேர்வாக இருக்கட்டும். பழைய முறையில் எவ்வளவு, புதிய முறையில் எவ்வளவு என்று பில்லில் இரண்டு தொகையையும் அச்சிடட்டும். மாலைக் கூடுதலுக்கு உச்சவரம்பு ஆணையிலேயே எழுதப்பட வேண்டும்.

இதை யாரிடம் கேட்பது? தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திடம். நேரத்துக்கு ஏற்ற விலை வைக்க 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் அதற்கு அதிகாரம் தருகிறது. அதே சட்டம், மக்களின் ஆலோசனையையும் ஆட்சேபத்தையும் பரிசீலித்த பிறகே கட்டண ஆணை போட வேண்டும் என்றும் சொல்கிறது. 2022-ல் போட்ட ஆணை 2026-27 நிதியாண்டு வரைக்குமானது. அது முடியும் தறுவாயில் மின்வாரியத்தின் புதிய கட்டண மனு வரும், கருத்துக்கேட்புக் கூட்டமும் வரும். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை என மூன்றே ஊர்களில் கூட்டம் நடந்தது. தினக்கூலியை விட்டுவிட்டுக் கோவைக்குப் பஸ் ஏற நம்மில் எத்தனை பேரால் முடியும்? சேலத்தில் ஒரு கூட்டம் வேண்டும் என்று இப்போதே எழுதுவோம்.

அந்த மாதிரிக் கூட்டங்களுக்கு ஆலை முதலாளிகள் கணக்கோடு வருவார்கள். எந்த மணிக்கு எத்தனை யூனிட், அதற்கு எத்தனை லட்சம் என்று தாள் தாளாக வைப்பார்கள். வீட்டுக்காரர்கள் நாம் வெறுங்கையோடு போய் ‘ஏழைகள் பாதிக்கப்படுவார்கள்’ என்று சொல்லிவிட்டுத் திரும்புவோம். கேட்பவர் தலையாட்டுவார், அவ்வளவுதான்.

ஆகவே உங்களிடம் கேட்கும் காரியம் இதுதான். அடுத்த முறை ரீடிங் எடுத்துப் போன பிறகு ஒரு வாரம் மட்டும், தினமும் காலை 9 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இரவு 10 மணிக்கும் மீட்டரில் ஓடும் எண்களில் யூனிட் எண்ணை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மீட்டரில் கேடபிள்யூஎச் என்ற எழுத்தோடு வரும் எண்தான் யூனிட். பகலில் வீட்டில் ஆளில்லையென்றால் கிளம்பும்போதும் திரும்பும்போதும் எழுதினால் போதும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தால் இன்னும் ஒழுங்காக எழுதுவார்கள். பக்கத்தில் அன்றைக்கு மோட்டார், கிரைண்டர், இஸ்திரி எப்போது போட்டீர்கள் என்று ஒரு வரி. வீட்டில் எத்தனை பேர், என்ன வேலை என்பதை மேலே எழுதுங்கள். பெயரும் இணைப்பு எண்ணும் எங்களுக்கு வேண்டாம்.

கோடையில் ஒரு வாரமும் மழைக்காலத்தில் ஒரு வாரமும் எழுதினால் இன்னும் நல்லது. ஏப்ரல் இரவில் ஓமலூரிலோ திருச்செங்கோட்டிலோ ஃபேன் இல்லாமல் படுக்க முடியாது என்பது நமக்குத் தெரியும். ஆணையத்துக்கு அது யூனிட்டாகத் தெரிய வேண்டும்.

தெருவுக்கு ஒருவர் இந்தத் தாள்களைச் சேர்த்து வையுங்கள். மனு வெளியானதும் எல்லாவற்றையும் நகலெடுத்து, சென்னை கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டை சிட்கோ கட்டடத்தில் உள்ள ஆணையச் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புவோம். கூட்டத்துக்கு வர முடிந்தவர்கள் அசல் நோட்டையே கையில் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
சேலம், நாமக்கல் மாவட்ட வீட்டு மின் நுகர்வோர் சிலர்