கணினிகள் வரும், ஆய்வாளர்கள்?

வானிலைக் கணிப்பை மேம்படுத்தும் 'மிஷன் மௌசம்' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. இரண்டு ஆண்டுகளுக்கு ரூ.2,000 கோடி. ரேடார்கள், மீத்திறன் கணினிகள், செயற்கை நுண்ணறிவு ஆகியவை அதில் முக்கிய இடம் பெறுகின்றன. முதல் இரண்டையும் விலை கொடுத்து வாங்கிவிடலாம். மூன்றாவதற்கு ஆள் வேண்டும்.

கூகுள் டீப்மைண்ட் நிறுவனத்தின் 'கிராப்காஸ்ட்', பத்து நாள் வானிலையை ஒரு நிமிடத்துக்குள் கணித்து 2023-இல் வியப்பை ஏற்படுத்தியது. அது கற்றுக்கொண்டதோ, ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை முன்கணிப்பு மையம் உலகுக்கே இலவசமாக வழங்கும் தொகுப்பின் 39 ஆண்டுத் தரவுகளிலிருந்து. பொதுப்பணத்தில் உருவான தரவு இல்லையேல் இத்தனியார் சாதனை இல்லை என்பதைப் பொருளியல் மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

இயந்திரக் கற்றல் கடந்த காலத்திலிருந்து பாடம் பெறுவது. கடந்த காலத்தில் அரிதாகவே நிகழ்ந்ததை அது எவ்வாறு கணிக்கும்? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. பூமியைச் சுமார் 28 கி.மீ. பக்கமுள்ள கட்டங்களாகப் பார்க்கும் மாதிரியில், ஓர் ஊரின் மேல் கொட்டும் பெருமழை கட்டத்தின் சராசரியில் கரைந்துவிடும். இக்குறையைக் களைய மேகத்தின் இயற்பியலும் நரம்பணு வலைப்பின்னலின் கணிதமும் ஒருவருக்கே தெரிந்திருக்க வேண்டும். அத்தகையவர் உருவாகும் இடம் முனைவர் பட்ட ஆய்வுதான்.

நம் ஏற்பாடோ அவரை இரண்டாகப் பிரிக்கிறது. புவி, வளிமண்டல அறிவியலுக்கு சிஎஸ்ஐஆர் நெட். கணினி அறிவியலுக்கு யுஜிசி நெட். உதவித்தொகையிலும் ஏற்றத்தாழ்வு: பிரதமரின் ஆய்வு உதவித்தொகை பெறுபவருக்கு மாதம் ரூ.70,000 முதல் ரூ.80,000 வரை, இளநிலை ஆய்வாளருக்கு ரூ.37,000, நெட் தேறாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்கு ரூ.8,000. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் முனைவர் பட்ட ஆய்வாளர் பெரும்பாலும் ஒப்பந்தமும் காப்பீடும் உள்ள ஊழியர். இயந்திரக் கற்றல் அறிந்த இளைஞரை மென்பொருள் நிறுவனங்கள் வாசலிலேயே காத்திருந்து அழைத்துச் செல்லும்போது, ரூ.37,000-க்கு ஐந்தாண்டு மேகங்களை ஆராயச் சொல்கிறோம்.

வானிலை பற்றிப் பொருளியல்காரன் பேசலாமா என்று கேட்போருக்கு ஒரு கணக்கு. முதல் இரண்டாண்டு ரூ.37,000, அடுத்த மூன்றாண்டு ரூ.42,000 என்றால், வீட்டு வாடகைப்படி நீங்கலாக ஒருவருக்கு ரூ.24 லட்சம். நூறு பேருக்கு ரூ.24 கோடி, திட்டத் தொகையில் 1.2 சதவீதம். பிரதமரின் உதவித்தொகை விகிதத்தில் வழங்கினாலும் ரூ.45 கோடியைத் தாண்டாது.

புதிய விதி எதுவும் வேண்டியதில்லை. பிற துறை, பிற நிறுவன இணை நெறியாளர்களை யுஜிசியின் 2022-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் ஏற்கெனவே அனுமதிக்கின்றன. புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவன அறிவியலாளரும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகக் கணினிப் பேராசிரியரும் இணைந்து ஒரு மாணவரை இன்றே வழிநடத்தலாம். அந்த மாணவருக்கான தொகையை மத்தியப் புவி அறிவியல் அமைச்சகம் இத்திட்டத்திலேயே தனித் தலைப்பில் ஒதுக்க வேண்டும்.