யார் போட்ட மெட்டு?

பாட்டின் முதல் மூன்று நொடியை ஒலிக்கவிட்டு நிறுத்தி, "யார் மியூசிக்? சொல்லுங்க" என்று கேட்கும் விளையாட்டு உங்களுக்கும் பழக்கமாகத்தான் இருக்கும். கல்யாண வீட்டு மாடியில், காலேஜ் விழாவில், டிவியில், டீக்கடை பெஞ்சில் என்று எங்கும் நடக்கிறது. ஆண்களுக்கு இவ்வளவு வசதியான விளையாட்டை நான் பார்த்ததில்லை. சீட்டுக்கட்டில்கூட நான்கு ராணி உண்டு. இதில் ஒலிக்கவிடுபவர் ஆண், மணியடிப்பவர் ஆண், விடையும் ஆண். கடைசியில் "உனக்கு நல்ல காதுப்பா" என்று முதுகில் தட்டிக்கொடுப்பவரும் ஆண்தான். பெண்கள் எங்கே என்றால், பாடிக்கொண்டிருக்கிறார்கள். குரல் வந்துவிட்டால் விடை சுலபமாகிவிடும் என்று, குரல் வருவதற்கு முன்பே பாட்டை வெட்டிவிடுவார்கள்.

சில வருடங்களுக்கு முன் சோளிங்கரில் ஒரு ரசிகர் குழு இப்படிப் போட்டி நடத்தியது. பெரிய மலை நரசிம்மரையும் சின்ன மலை அனுமாரையும் பார்க்க வரும் கூட்டத்தைத் தவிர வேறு கூட்டம் அதிகம் சேராத ஊர். மண்டபம் நிறைந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். இருபதாம் நூற்றாண்டு இசை என்பது தலைப்பு. கர்நாடகம், சினிமா, மேற்கத்தியம் என்று மூன்று சுற்று, மொத்தம் 40 துண்டுகள். பாபநாசம் சிவன் வந்தார், ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் வந்தார், மைசூர் வாசுதேவாச்சார் வந்தார். ஜி. ராமநாதன், கே.வி. மகாதேவன், விஸ்வநாதன்–ராமமூர்த்தி, இளையராஜா, ரகுமான். ஸ்ட்ராவின்ஸ்கியும் ஷோஸ்டகோவிச்சும்கூட எங்கள் ஊருக்கு வந்து போனார்கள். நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தேன். 40க்கு 40.

முடிந்ததும் நடத்தியவரிடம் போய்க் கேட்டேன். "மேடம், லேடீஸ்ல யாரும் இல்லியே. இருந்தா நாங்க போடமாட்டோமா?" என்றார். இரண்டு பேர் சொன்னேன். "அதெல்லாம் யாருக்கும் தெரியாதுங்க மேடம். மூணு செகண்டுல எவனும் கண்டுபிடிக்க மாட்டான். போட்டி டல்லாயிடும்." மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அந்த இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் பதிலில் பெண்களே இல்லை. இரண்டாவதில் இருக்கிறார்கள், ஆனால் தெரியாது. தெரியாததால் போடமாட்டோம், போடாததால் தெரியாது. செக்குமாடு சுற்றுகிற வட்டம்தான்.

மூன்று நொடியில் ஒருவரை அடையாளம் கண்டுபிடிக்க என்ன வேண்டும்? அவருடைய மேதைமை என்பார்கள். முதலில் வேண்டியது எண்ணிக்கை. இளையராஜா 1976இல் 'அன்னக்கிளி'யில் வந்தார். 2016இல் 'தாரை தப்பட்டை' வந்தபோது ஆயிரமாவது படம் என்றார்கள். ஆயிரம் படம்! அந்த வயலின் கூட்டம் எப்படிக் கிளம்பும், அந்த பாஸ் கிட்டார் எங்கே வளையும் என்று ஒரு தலைமுறையின் காதுக்கே தழும்பு ஏறிவிட்டது. அவர் மேதை என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் பத்து படத்தோடு அவரை நிறுத்தியிருந்தால் 'இது ராஜா' என்று முதல் அடியிலேயே சொல்ல எத்தனை பேரால் முடியும்? தனிப் பாணி என்பது ஒருவருக்குத் திரும்பத் திரும்ப வேலை கொடுத்தால் வருவது. வேலை கொடுக்காமல் வைத்துவிட்டு, பாணி இல்லையே என்று கேட்பது என்ன நியாயம்?

அதே வீட்டுப் பெண் பவதாரிணி. 'பாரதி' படத்தில் பாடிய 'மயில் போல பொண்ணு ஒண்ணு' பாட்டுக்குத் தேசிய விருது வாங்கியவர். இசையமைப்பாளரும்கூட. 2002இல் வந்த 'மித்ர் மை ஃப்ரெண்ட்', 2004இல் இந்தியில் வந்த 'ஃபிர் மிலேங்கே' இரண்டுக்கும் இசையமைத்தார். இரண்டையும் இயக்கியவர் ரேவதி. அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. 2024 ஜனவரியில் பவதாரிணி இறந்த வாரம் எங்கள் பக்கத்து பஸ்ஸிலும் கடையிலும் ஒலித்ததெல்லாம் அவர் பாடிய பாட்டு. அவர் போட்ட மெட்டு ஒன்றுகூட என் காதில் விழவில்லை. குரலாக இருந்தால் அழுவோம், மெட்டாக இருந்தால் தெரியாது.

கர்நாடகத்துக்கு வருவோம். அங்கே மூன்று நொடிகூட வேண்டாம், முத்திரை இருக்கிறது. 'ராமதாசன்' என்று வந்தால் பாபநாசம் சிவன். 'ஹரிகேச' என்றால் முத்தையா பாகவதர். 'கவிகுஞ்சர தாசன்' என்றால் கோடீசுவர ஐயர், அதில் அவருடைய தாத்தா பேரும் சேர்ந்தே வந்துவிடும். பாட்டுக்குள்ளேயே பட்டா போட்டு வைக்கிற ஏற்பாடு.

இங்கே நான் சொன்ன முதல் பெயர் அம்புஜம் கிருஷ்ணா. 1917இல் பிறந்து 1989இல் இறந்தவர், மதுரையில் வாழ்ந்தவர். 'கண்ணனிடம் எடுத்துச் சொல்லடி', 'ஓடி ஓடி வந்தேன் கண்ணா' எல்லாம் அவருடையவை. பரதநாட்டியம் கற்கும் பிள்ளைகளைக் கேளுங்கள், பாதிப் பேருக்கு மனப்பாடம். பேரைக் கேளுங்கள், விழிப்பார்கள். உடனே ஒரு பெரியவர் எழுந்து, "அவர் சாகித்யம் மட்டும்தானே எழுதினார், மெட்டுப் போட்டது முசிறியும் செம்மங்குடியும் மதுரை கிருஷ்ணனும், அவர் எப்படி வாக்கேயகாரர் ஆவார்?" என்பார். நல்ல கேள்வி. இதையே பாரதியாரிடம் கேட்பீர்களா? 'காற்று வெளியிடைக் கண்ணம்மா'வை நாம் முணுமுணுப்பது ஜி. ராமநாதன் போட்ட மெட்டில். 'கப்பலோட்டிய தமிழன்' வந்தது 1961இல், பாரதி இறந்து 40 வருடம் கழித்து. ஆனாலும் யாருடைய பாட்டு என்றால் பாரதி பாட்டு. யாரும் சட்டப்புத்தகத்தைத் திறப்பதில்லை. விதி எப்போது நினைவுக்கு வருகிறது என்று கவனியுங்கள். விதியைவிட அது முக்கியம்.

இரண்டாவது பெயர் ஆண்டவன் பிச்சை. இந்தப் பேரைச் சொன்னதும் போட்டி நடத்தியவர், "அவர் ஆம்பளைதானே?" என்றார். பெண். 1899இல் பிறந்த மரகதம். 'உள்ளம் உருகுதைய்யா' அவர் பாட்டு. சோளிங்கரிலிருந்து திருத்தணி பக்கம்தான். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துப் போகிறவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் போடாத தெரு கிடையாது. ஒவ்வொரு பந்தலிலும் அந்தப் பாட்டு. முதல் எழுத்து காதில் விழுவதற்குள் "டி.எம்.எஸ்." என்று குழந்தைகூடச் சொல்லும். டி.எம். சௌந்தரராஜனே ரொம்ப நாள் அதை எழுதியது யார் என்று தெரியாமல் பாடிக்கொண்டிருந்தார், பிறகு சென்னை காளிகாம்பாள் கோயிலில் பேரைப் பார்த்துத் தெரிந்துகொண்டார் என்று ரசிகர்கள் நடுவில் ஒரு கதை உலவுகிறது. அந்தக் கதையையும் அவருடைய பக்திக்குச் சாட்சியாகத்தான் சொல்கிறார்கள். தன் பாட்டு ஊரெல்லாம் ஒலிக்க, பேர் மட்டும் ஒலிக்காமல் இருந்த பெண்ணின் பக்கத்திலிருந்து அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்களுக்குப் பக்கத்து ஊர் வாலாஜாப்பேட்டை. தியாகராஜரின் சீடர் வெங்கடரமண பாகவதர் அந்த ஊரின் பேரோடுதான் அறியப்படுகிறார். அவரும் அவர் மகனும் எழுதி வைத்த சுவடிகள் இல்லையென்றால் தியாகராஜர் கீர்த்தனைகளில் பலவற்றை இன்று சரிபார்க்க வழியிருக்காது. ஒருவர் பாட, பின்னால் ஏட்டோடு உட்கார ஒரு சீடன் வேண்டும். அவனுக்குச் சோறு போட வீட்டில் யாராவது வேண்டும். அடுப்படியில் பாடிய பெண்ணுக்குப் பின்னால் ஏட்டோடு யார் உட்கார்ந்தார்கள்?

"காதுக்கு ஆணும் பெண்ணும் தெரியாது, நல்லதைக் கேட்டால் நல்லதென்று சொல்லும்" என்று ஒரு சமாதானம் உண்டு. 1919இல் அமெரிக்காவில் எலிசபெத் கூலிட்ஜ் என்ற பணக்காரப் பெண்மணி, வயோலாவுக்கான இசைக்கு ஒரு போட்டி வைத்தார். யார் எழுதியது என்று நடுவர்களுக்குத் தெரியாது. ஆறு நடுவர்கள், இரண்டு படைப்புகளுக்கு மூன்று மூன்றாகப் பிரிந்து நின்றார்கள். கூலிட்ஜின் ஓட்டில் எர்னஸ்ட் பிளாக் ஜெயித்தார். மற்றது யாருடையது என்று திறந்து பார்த்தால் ரெபேக்கா கிளார்க், இங்கிலாந்துக்காரி. கண்ணைக் கட்டிய காது நேர்மையாகத்தான் இருந்தது. கட்டு அவிழ்ந்ததும் என்ன நடந்தது? ரெபேக்கா கிளார்க் என்று ஒருத்தி இருக்கவே முடியாது, அது பிளாக்கின் புனைபெயராக இருக்கும் என்று பேச்சு கிளம்பியது. அதற்கு முந்தின வருடம் இதே கிளார்க் நியூயார்க்கில் ஒரு நிகழ்ச்சியில் தன் படைப்பு ஒன்றுக்கு 'ஆன்டனி டிரென்ட்' என்று ஓர் ஆண் பேர் போட்டிருந்தார். விமர்சகர்கள் டிரென்டைத்தான் அதிகம் கவனித்தார்கள். 1944இல் கல்யாணமான பிறகு 1979இல் இறக்கும்வரை அவர் எழுதியது மிகக் குறைவு. இப்போது சொல்லுங்கள், மூன்று நொடியில் கண்டுபிடிக்கும் அளவுக்கு அவருக்குப் பாணி எங்கிருந்து வரும்?

பெண்களுக்கு இந்தக் காது கிடையாது என்று மட்டும் யாரும் சொல்லிவிட வேண்டாம். ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஒன்பது வருடம் அப்பர் தைத்தவள் நான். காலையில் வேன் ஏறினால் டிரைவர் பென் டிரைவைச் செருகுவார். தபேலா முதல் தட்டு விழுவதற்குள் பின்சீட்டிலிருந்து ஒருத்தி, "தேவாக்கா" என்பாள். இன்னொருத்தி, "இல்ல, சிற்பி" என்பாள். பந்தயம் ஒரு சமோசா. அவள்களில் ஒருத்திகூட அந்த மண்டபத்துக்கு வரவில்லை. போட்டி ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம். வாரத்துணி முழுக்கத் துவைக்கிற நேரம்.

காது மட்டுமா? எங்கள் லைனில் செக்கிங் பார்த்த அக்கா, அப்பரைக் கையில் எடுத்து வளைவில் தையலைக் கட்டைவிரலால் தடவி, "இது மூணாவது மிஷின்காரி தெச்சது" என்பார். பார்க்கக்கூட மாட்டார். தையலுக்கும் பாணி உண்டு. ஷூவுக்குள் அச்சடித்துப் போவது ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியின் பேர். தோல் விஷயம் வந்ததால் ஒன்று: கச்சேரி மேடையில் மிருதங்கம் வாசிப்பவரின் பேர் தெரியும், அந்தத் தோலை இழுத்துக் கட்டியவரின் பேர் தெரியாது. அந்தக் கைகளைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் ஒரு புத்தகமே எழுதினார். 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்'. சாதி மறைத்த பேர்களைத் தேடிப் போன நல்ல புத்தகம். தலைப்பில் மகன்கள்தான் இருக்கிறார்கள்.

இனி, இந்தப் போட்டிக்காரர்கள் கணக்கிலேயே எடுக்காத ஒரு இசையமைப்பாளரைச் சொல்கிறேன். எங்கள் காலனியில் ஒரு ஆயா இருந்தது. ஒப்பாரிக்குக் கூப்பிட்டால் போகும். மூன்று தெரு தள்ளியிருந்து முதல் இழுவையைக் கேட்டதுமே, "ஆயா வந்துடுச்சி" என்பார்கள். மூன்று நொடிகூட ஆகாது. மேலே ஒரு இடத்தில் நிறுத்தி, மூச்சை உள்ளே இழுக்கும்போதே ஒரு சுரத்தைக் கீழே இறக்கும். வேறு யாரும் அப்படிச் செய்து நான் கேட்டதில்லை. செத்தவரின் கடன், அவர் ஓட்டின வண்டி, ரசாயனம் பட்டு வெந்த கை, பேசாமல் போன மருமகள் எல்லாம் அந்த இடத்திலேயே வரியாகும், வரி மெட்டாகும். சொல்லும் சுரமும் ஒருவரே போட்டால் வாக்கேயகாரர் என்கிறது உங்கள் இலக்கணம். ஆயாவை அப்படிக் கூப்பிட யாருக்கு நாக்கு வரும்? ஒப்பாரியிலிருந்து நாலு சுரம் எடுத்து ஒருவர் சினிமாவில் போட்டால் அவர் இசையமைப்பாளர். ஆயா பாடியது 'நாட்டுப்புற மரபு'. மரபு என்று எழுதிவிட்டால் பணம் கேட்டு யாரும் வரமாட்டார்கள் அல்லவா.

ஆயா செத்தபோது ஒப்பாரி வைக்க ஆள் இல்லை. பேரன்கள் ஸ்பீக்கர் செட் கட்டி சினிமா சோகப் பாட்டு போட்டார்கள். பந்தலில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் ஒவ்வொரு பாட்டுக்கும் யார் மியூசிக் என்று சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதன் குரல் யாருடைய போனிலும் இல்லை. கேட்டுப் பார்த்துவிட்டேன்.

போட்டியை நிறுத்தச் சொல்லவில்லை. விளையாட்டு நல்ல விளையாட்டு, எனக்கும் பிடிக்கும். 40இல் 20கூட நான் கேட்கவில்லை. பத்து துண்டு பெண்கள் போட்டது என்று வையுங்கள். ஒரு மாதம் முன்னாலேயே அந்தப் பத்துப் பேரின் பாட்டுகளை வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். ராஜாவைக் கேட்க நமக்கு 40 வருடம் கிடைத்தது, இவர்களுக்கு 30 நாளாவது கிடைக்கட்டும். சாயந்திரம் ஆறு மணிக்கு வைக்காதீர்கள். 'உள்ளம் உருகுதைய்யா'வுக்கு டி.எம்.எஸ். என்று மட்டும் சொல்பவருக்குப் பாதி மார்க். தெரியாது, கிடைக்காது என்ற பேச்சுக்கு இடமில்லாமல் நானே சேர்த்து வைத்திருக்கிறேன். ரெபேக்கா கிளார்க்கின் அந்த வயோலா சொனாட்டாவும் இருக்கிறது, பவதாரிணியின் மெட்டுகளும் இருக்கின்றன. பென் டிரைவ் என் தையல் மிஷின் டிராயரில்தான் கிடக்கிறது. வேண்டியவர்கள் வந்து வாங்கிக் காப்பி போட்டுக்கொள்ளலாம். திருப்பித் தந்துவிட வேண்டும்.