விருந்தாளிகளாகவே இருந்துவிடலாமா?



தை பிறந்துவிட்டால் என்னிடம் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "இங்கே தைப்பூசம் எப்படி இருக்கும்? நம் ஊரில் நடப்பது போல இருக்குமா? பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?" தமிழகத்திலிருந்து வேலை நிமித்தம் சிங்கப்பூருக்குக் குடிவந்த பெற்றோர்கள் கேட்பது இது. கேள்வியில் குற்றமில்லை. ஆயினும் 'நம் ஊரில் நடப்பது போல' என்னும் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இந்த விழா பாதிதான் கண்ணில் படும். அயலகத்தில் வாழும் நாம், ஊரின் நகலைத் தேடுவதை நிறுத்திவிட்டு, இந்த மண்ணில் தமிழர்கள் வளர்த்த மரபைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. நம் பிள்ளைகளின் தமிழும் இதனைப் பொறுத்தே அமையும் என்று நான் நம்புகிறேன்.

ஓர் ஆண்டு நண்பர்கள் நால்வருடன் ஃபேரர் பார்க் நிலையத்தில் முதல் ரயிலில் வந்து இறங்கினேன். பொழுது இன்னும் விடியவில்லை. சிராங்கூன் சாலையில் உள்ள ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் இருந்து பால்குடங்களும் காவடிகளும் வரிசையாகப் புறப்பட்டுக்கொண்டிருந்தன. கோவையிலிருந்து வந்த நண்பருக்கு ஓர் ஐயம். "பெருமாள் கோயிலிலிருந்து முருகனுக்குக் காவடியா?" என்றார். அருகே தண்ணீர் வழங்கிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் சிரித்துவிட்டு, "மாமன் வீட்டுலேருந்து மருமகன் வீட்டுக்குப் போறாங்க தம்பி. பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார்.

அந்த இரண்டு வாக்கியங்களில் ஒரு பாடநூலுக்குரிய செய்தி இருந்தது. முருகனை மால்மருகன் என்று அழைக்கும் பழைய வழக்கம், இந்நகரில் ஓர் ஊர்வலப் பாதையாகவே நிலைபெற்றிருக்கிறது. 'பசியாறுதல்' என்னும் சொல்லையும் பாருங்கள். காலை உணவு உண்பதற்குச் சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் நாள்தோறும் வழங்கும் சொல் இது. தமிழகத்து நகரங்களில் 'டிபன்' வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது. புதிதாக வந்த குடும்பத்துப் பிள்ளைகள் இச்சொல்லைக் கேட்டு நகைப்பதை வகுப்பில் பார்த்திருக்கிறேன். நகைக்க என்ன இருக்கிறது? இங்கே பேசப்படும் தமிழ் குறைந்த தமிழ் என்னும் எண்ணத்தைப் பிள்ளைகள் எங்கிருந்து பெற்றார்கள்? நம் வீட்டுக் கூடத்தில் நாம் பேசும் பேச்சிலிருந்துதான்.

இவ்விழாவின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். டேங்க் ரோட்டில் உள்ள தெண்டாயுதபாணி கோயிலை நாட்டுக்கோட்டை நகரத்தார் 1859-ஆம் ஆண்டில் அமைத்தார்கள். தைப்பூசத்திற்கு முதல் நாள் அங்கிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டு, கியோங் சாய்க் சாலையில் உள்ள லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குச் சென்று திரும்பும். செட்டிப்பூசம் என்று மக்கள் சொல்லும் நாள் அதுவே. மறுநாள் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைக் காவடியோடு நடந்தே கடக்கிறார்கள். அடியார்களிடையே சீனர்களையும் காணலாம்.

இவ்வளவு பெரிய விழா நடக்கும் நாள் சிங்கப்பூரில் பொது விடுமுறை அன்று. ஒரு காலத்தில் அது விடுமுறையாகத்தான் இருந்தது. 1968-ஆம் ஆண்டில் விடுமுறை நாள்கள் குறைக்கப்பட்டபோது வேறு சில சமயத் திருநாள்களோடு தைப்பூசமும் பட்டியலிலிருந்து நீங்கியது. இந்துக்களுக்குத் தீபாவளி நிலைத்தது. 1973 முதல் ஊர்வலப் பாதையில் இசைக்கருவிகளை வாசிக்கவும் தடை வந்தது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் 2016-இல்தான் குறிப்பிட்ட சில இடங்களில் மங்கல இசை மீண்டும் ஒலித்தது. பெருந்தொற்றினால் 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளும் நடை ஊர்வலம் நடைபெறவில்லை. 2023-இல் மீண்டும் தொடங்கியது. முருகனின் அறுபடை வீடுகளையும் கொண்ட தமிழ்நாட்டிலேயே தைப்பூசத்திற்கு அரசு விடுமுறை அறிவிக்கப்பட்டது 2021-இல்தான் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

அலுவலகத்தில் விடுப்புக் கேட்டு, இரவெல்லாம் விழித்து, காவடி எடுப்பவருக்குத் துணையாக ஒரு குடும்பமே நடக்கிறது. அக்குடும்பத்தின் பிள்ளைகள் தண்ணீர்க் குவளையும் விசிறியும் ஏந்தி உடன் வருகிறார்கள். தடைகளுக்கும் மாற்றங்களுக்கும் இடையே ஏறத்தாழ மூன்று தலைமுறைகள் தம் சொந்த நாளைச் செலவிட்டுக் காத்த விழா இது. இதைப் பார்த்து, "ஊரில் உள்ள கலகலப்பு இல்லையே" என்று ஒருவர் சொன்னால், அவர் எதைப் பார்த்தார் என்று கேட்கத் தோன்றுகிறது.

நண்பர்களுள் ஒருவர் அன்று மறுத்துரைத்தார். "நாங்கள் சில ஆண்டுகள் இருந்துவிட்டுப் போகப்போகிறவர்கள். எங்கள் பிள்ளைகளுக்குத் தஞ்சாவூரும் மதுரையும் தெரிந்தால் போதாதா?" நேர்மையான வினா. ஆனால் ஐந்து வயதில் வந்து பதினைந்து வயதில் திரும்பும் ஒரு பிள்ளையை எண்ணிப் பாருங்கள். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அங்கே அது விருந்தாளி. இங்கேயும் விருந்தாளியாகவே வளர்த்துவிட்டால் அப்பிள்ளைக்கு எந்த ஊரில் தமிழ் சொந்தம்? வாழும் தெருவில் வேர் கொள்ளாத மொழியை விமானப் பயணங்களால் காப்பாற்ற இயலாது.

இன்னொரு தாய் வேறு காரணம் சொன்னார். அலகு குத்துவதைச் சிறு பிள்ளைகள் கண்டால் அஞ்ச மாட்டார்களா என்றார். அதுவும் நியாயமே. அத்தகைய பிள்ளைகளை அதிகாலையில் பால்குடம் செல்லும் நேரத்தில் அழைத்துச் செல்லுங்கள். அல்லது முதல் நாள் வெள்ளி ரதத்தைக் காட்டுங்கள். எதைக் காட்டுவது என்பது பெற்றோரின் உரிமை. எதுவும் தெரியாமல் வளர்ப்பதற்கு மட்டும் அதனைக் காரணமாக்க வேண்டாம்.

தைப்பூசம் சமய விழா. என் வகுப்பில் இசுலாமியப் பிள்ளைகளும் கிறித்தவப் பிள்ளைகளும் இருக்கிறார்களே என்று ஆசிரியர்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். அதற்கும் ஃபேரர் பார்க் வட்டாரத்திலேயே விடை இருக்கிறது. பெருமாள் கோயிலிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், பீட்டி சாலையில், உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் இருக்கிறது. கடையநல்லூரிலிருந்து வந்த தமிழ் முசுலிம்கள் 1946-இல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளியின் பெயரைத் தாங்கி நிற்கும் நிலையம் அது. சிங்கப்பூரில் தமிழ்வழிக் கல்வி அளித்த பள்ளிகளுள் கடைசியாக, 1982-இல், மூடப்பட்டது அப்பள்ளிதான். சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயர் இன்று எல்லாச் சமயத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் நுழையும் ஒரு வாயிலின் மேல் இருக்கிறது. காவடி செல்லும் சாலையும் இந்த வாயிலும் சேர்ந்ததே நம் மரபு.

தமிழவேள் கோ. சாரங்கபாணி இதனை நமக்கு முன்னரே உணர்ந்தவர். திருவாரூரில் பிறந்து 1924-இல் சிங்கப்பூர் வந்த அவரும் நம்மைப் போல் கடல் கடந்து பிழைக்க வந்தவரே. 1935-இல் தமிழ் முரசு இதழைத் தொடங்கினார். 1950-களில் சாதி, சமய வேறுபாடின்றித் தமிழர் அனைவரையும் ஒன்றுகூட்டும் தமிழர் திருநாளைப் பொங்கலையொட்டி நடத்தினார். அவர் நினைத்திருந்தால் திருவாரூர்த் தேரை எண்ணி ஏங்கியபடியே காலம் கழித்திருக்கலாம். வந்த மண்ணுக்கு ஏற்ற விழாவை அவர் உண்டாக்கினார். வளர்தமிழ் இயக்கம் 2007 முதல் ஏப்ரல் மாதத்தில் முன்னெடுத்து வரும் தமிழ்மொழி விழாவை அந்த எண்ணத்தின் தொடர்ச்சியாகவே நான் காண்கிறேன்.

விழாக்கள் இருக்கின்றன, பேச்சுத்தான் குறைகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோரின் பங்கு சிங்கப்பூர்வாசிகளிடையே 2010-இல் 3.3 விழுக்காடு, 2020-இல் 2.5 விழுக்காடு. ஆண்டுக்கொரு முறை வேட்டி சேலை உடுத்திப் படம் எடுத்துக்கொள்வதால் இந்த எண் உயரப்போவதில்லை. விழாவைப் பேச்சாக மாற்றத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். விழாவுக்குச் செல்லும்போது இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தோடு சேர்ந்து செல்லுங்கள். அக்குடும்பத்துப் பாட்டியிடம் உங்கள் பிள்ளை மூன்று கேள்விகளாவது தமிழில் கேட்கட்டும். வாய்ப்பிருந்தால் ஒரு மணி நேரம் தண்ணீர் வழங்கும் பணியில் சேர்த்துவிடுங்கள். "அண்ணே, தண்ணீர் வேண்டுமா?" என்று நூறு பேரிடம் கேட்ட பிள்ளைக்குக் கூச்சம் தானாக அகலும்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. 'நான் கண்ட திருவிழா' என்று கட்டுரை எழுதச் சொன்னால் பிள்ளைகள் கண்டிராத தேரையும் ஏறியிராத ராட்டினத்தையும் எழுதித் தருகிறார்கள். நூல்களிலிருந்து எடுத்த திருவிழா அது. மாறாக, சிராங்கூன் சாலையில் கேட்ட பத்துச் சொற்களைத் தொகுத்து வரச் சொல்லுங்கள். எருமைச் சாலைக்கு ஏன் அப்பெயர் என்று கேட்டு வரச் சொல்லுங்கள். ஒரு காலத்தில் அவ்வட்டாரம் மாட்டு வணிகம் நடந்த இடம் என்று தெரிந்துகொண்டால், பொங்கலன்று லிட்டில் இந்தியாவில் மாடுகளைக் கண்டதும் பிள்ளைக்கு வேடிக்கைக்கு மேல் ஒன்று தோன்றும்.

மரபு என்பது நாம் ஊரிலிருந்து பெட்டியில் கட்டி எடுத்து வந்த பொருள் மட்டுமன்று. நாம் வருவதற்கு முன்பே இங்கு நமக்காகச் சிலர் சேர்த்து வைத்திருப்பதும் மரபே. அதனைப் பெற்றுக்கொள்ளக் கைநீட்டுவதில் ஊர்ப்பற்று எதுவும் குறைந்துவிடாது.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியர்