எந்தப் பள்ளிவரை அளப்பது?

அரசுச் செலவில் பள்ளிக்குச் சென்றுவர வாகன வசதி எந்தக் குழந்தைக்கு உண்டு, எந்தக் குழந்தைக்கு இல்லை என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது தூரம்தான். வீட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளியும், 3 கிலோமீட்டருக்குள் எட்டாம் வகுப்பு வரையிலான பள்ளியும் இருந்துவிட்டால் வாகனம் தேவையில்லை என்று விதி முடிவு செய்துவிடுகிறது. அந்தப் பள்ளியில் எந்த மொழியில் பாடம் நடக்கிறது என்று விதி கேட்பதில்லை. மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த மௌனம்தான் பெரும் தடை. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தால் ஏராளமான குடும்பங்கள் இடம்பெயர வேண்டிய நிலை உருவாகியிருக்கும்போது, இந்த விதியைத் திருத்துவதில் மத்திய அரசும் மகாராஷ்டிர அரசும் இனியும் காலம் தாழ்த்தக் கூடாது.

குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் மத்திய அரசு வகுத்த விதிகளில் 6-ஆவது விதி மேற்கண்ட தூர வரம்பை நிர்ணயிக்கிறது. மகாராஷ்டிர அரசு 2011-இல் வகுத்த விதிகளும் இதே அளவைப் பின்பற்றின. வரம்புக்குள் பள்ளி இல்லாத சிற்றூர்க் குழந்தைகளுக்கு இலவச வாகன வசதியோ, தங்கிப் படிக்கும் வசதியோ செய்து தரவேண்டும். மாற்றுத்திறன் குழந்தைகளுக்குப் பாதுகாப்பான வாகன ஏற்பாடு வேண்டும் என்றும் அந்த விதி கூறுகிறது. இதற்கான நிதி சமக்ர சிக்ஷா திட்டத்திலிருந்து வருகிறது. ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை என்பது உச்சவரம்பு. 2021-இல் இந்த உதவி உயர்நிலை வகுப்புகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

மலைக் கிராமங்களையும் காட்டோரக் குடியிருப்புகளையும் மனத்தில் கொண்டு செய்யப்பட்ட ஏற்பாடு இது. மகாராஷ்டிரத்தில் பின்தங்கிய 125 வட்டங்களில் மாணவிகளுக்காக மனித வள மேம்பாட்டு இயக்கத்தின்கீழ் இயக்கப்படும் பேருந்துகளும் அத்தகையவையே. அவற்றின் பயனை யாரும் மறுக்க முடியாது. ஆனால் மும்பை போன்ற மாநகரில் ஏறத்தாழ எந்தத் தெருவில் நின்று அளந்தாலும் 1 கிலோமீட்டருக்குள் ஏதாவது ஒரு பள்ளி இருக்கும். எனவே காகிதத்தின்படி மும்பைக் குழந்தை எதற்கும் வாகனம் தேவையில்லை என்றாகிவிடுகிறது.

உண்மை நிலை வேறு. மும்பை மாநகராட்சி மராத்தி, ஹிந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் என எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்தி வந்திருக்கிறது. நாட்டின் வேறெந்த மாநகராட்சியும் எளிதில் உரிமை கொண்டாட முடியாத பெருமை இது. ஆயினும் தமிழ்வழிப் பள்ளிகள் தமிழர்கள் செறிந்து வாழும் ஒருசில இடங்களில் மட்டுமே உள்ளன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களால் வளர்ந்த தாராவி, அதை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப், 1976-இல் ஜனதா காலனி இடிக்கப்பட்டபோது அங்கிருந்த மக்கள் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்ட சீத்தா கேம்ப் போன்றவையே அந்த இடங்கள்.

இவற்றிலிருந்து சற்றே தள்ளி, செம்பூரின் ஒரு மூலையிலோ மான்கூர்டிலோ வசிக்கும் தமிழ்க் குழந்தைக்கு அடுத்த தெருவில் ஹிந்திப் பள்ளியோ மராத்திப் பள்ளியோ இருக்கலாம். அந்தக் குழந்தை படிக்கும் தமிழ்ப் பள்ளி இருப்புப்பாதைக்கும் கிழக்கு விரைவு நெடுஞ்சாலைக்கும் அப்பால் பல கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். ஆனால் அளவுநாடா அடுத்த தெருவிலேயே நின்றுவிடுகிறது. பிறகு குடும்பத்தின் முன் இருப்பவை மூன்றே வழிகள். வருமானத்தில் ஒரு பகுதியை ஆட்டோவுக்கோ வேனுக்கோ கொடுப்பது. தாய் வேலையை விட்டுவிட்டுக் குழந்தையை அழைத்துச் சென்று திரும்புவது. அல்லது படிக்கும் மொழியை நடுவழியில் மாற்றுவது. மூன்றுமே இயலாதபோது முதலில் வீட்டில் நிறுத்தப்படுபவள் பெண் குழந்தை.

அரசின் பிற வாக்குறுதிகளோடு இது முரண்படுவதையும் கவனிக்க வேண்டும். 1956-இல் ஏழாவது திருத்தத்தின் மூலம் அரசியல் சாசனத்தில் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதிகளைச் செய்துதர மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவும், இயன்றவரை பயிற்றுமொழி தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஐந்தாம் வகுப்பு வரையேனும், இயன்றால் எட்டாம் வகுப்பு வரையும் தாய்மொழிக் கல்வியை வலியுறுத்துகிறது. தில்லியில் தாய்மொழிக் கல்வியின் மேன்மை பேசப்படுகிறது. ஆனால் அந்தத் தாய்மொழிப் பள்ளிக்குக் குழந்தை எப்படிப் போய்ச் சேரும் என்பது விதியில் இல்லை.

தூரத்தை மட்டும் அளந்து உரிமையைத் தீர்மானிப்பதன் ஆபத்தை மகாராஷ்டிரம் அண்மையில் கண்டது. 1 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ இருந்தால், ஏழைக் குழந்தைகளுக்கு 25 விழுக்காடு இடம் ஒதுக்கும் கடமையிலிருந்து தனியார் பள்ளிகளுக்கு விலக்கு அளித்து 2024 பிப்ரவரியில் மாநில அரசு விதியைத் திருத்தியது. அதே ஆண்டு ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. அருகில் ஒரு பள்ளி இருக்கிறது என்பதாலேயே குழந்தையின் உரிமை தீர்ந்துவிடாது என்பதே அதிலிருந்து பெறவேண்டிய பாடம்.

தாராவி மறுசீரமைப்பு இந்தப் பிரச்னையை மேலும் கூர்மையாக்குகிறது. 2022 நவம்பரில் அதானி குழுமத்தின் ஏலம் வென்றது. 2025 மே மாதம் முதன்மைத் திட்டத்துக்கு மாநில அரசு ஒப்புதல் அளித்தது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத்தான் தாராவிக்குள் இலவச வீடு. அதன்பின் 2011 வரை வந்தவர்களுக்கும் மேல்தளங்களில் குடியிருப்போருக்கும் தாராவிக்கு வெளியேதான் வீடு. இதற்காக முலுண்ட், பாண்டுப், காஞ்சூர்மார்க் பகுதிகளில் சுமார் 256 ஏக்கர் உப்பள நிலமும், தேவ்னார் குப்பைக் கிடங்கில் 124 ஏக்கர் நிலமும் அடையாளம் காணப்பட்டுள்ளன. குடும்பம் தேவ்னாருக்குப் போனால் குழந்தையின் தமிழ்ப் பள்ளி தாராவியிலேயே நின்றுவிடும். புதிய குடியிருப்பின் அருகில் வேறு மொழிப் பள்ளி ஒன்று இருந்தால், இன்றைய விதிப்படி அந்தக் குழந்தைக்குப் பேருந்துக்கான தகுதி கிடையாது.

கட்டடம் கட்டிக் குடியமர்த்தினால் போதும் என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் செம்பூரை அடுத்த மாகுல் சாட்சி. திட்டங்களுக்காக அப்புறப்படுத்தப்பட்டவர்கள் அங்கே 72 கட்டடங்களில் குடியமர்த்தப்பட்டனர். சுத்திகரிப்பு ஆலைகளின் காற்று மாசு மட்டுமல்ல, பள்ளியும் மருத்துவமனையும் தொலைவில் இருப்பதும் அம்மக்களின் முறையீடாக இருந்தது. வெளியேற விரும்புவோருக்கு மாதம் 15,000 ரூபாய் வாடகை தருமாறு 2019-இல் மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. அந்த அனுபவம் தேவ்னாரில் மீண்டும் நிகழக் கூடாது.

மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்கு பெஸ்ட் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் உண்டே என்று கேட்கலாம். பாராட்டத்தக்க சலுகைதான். ஆனால் அது சலுகையே தவிர, சட்டம் தரும் உரிமை அல்ல. ஒரு காலத்தில் 4,000-க்கும் மேற்பட்ட பேருந்துகளை இயக்கிய பெஸ்ட் நிறுவனத்தின் பேருந்து எண்ணிக்கை 2025-இல் 3,000-க்கும் கீழே இறங்கியது. நெரிசல் மிக்க பேருந்தில் ஆறு வயதுக் குழந்தையை, இலவசம் என்பதற்காக, எந்தத் தாயும் தனியே ஏற்றி அனுப்பமாட்டாள்.

மொழிக்கு ஏற்ப வாகன வசதி என்பது உலகம் அறியாத கோரிக்கை அல்ல. பிரிட்டனில் வேல்ஸ் நாட்டுக்கென 2008-இல் இயற்றப்பட்ட மாணவர் பயணச் சட்டம், தொடக்கப் பள்ளிக்கு 2 மைல், உயர்நிலைப் பள்ளிக்கு 3 மைல் என்று தூர வரம்பை வைத்திருக்கிறது. அத்துடன், வேல்ஷ் மொழிவழிக் கல்வியைக் குழந்தைகள் எட்டுவதற்கு உள்ளாட்சி அமைப்புகள் துணைநிற்க வேண்டும் என்றும் அதே சட்டம் கடமை விதிக்கிறது. நடந்து செல்லும் வழி பாதுகாப்பானதா என்பதும் அங்கே கணக்கில் கொள்ளப்படுகிறது.

செலவு கட்டுப்படியாகாது என்பது எதிர்பார்க்கக்கூடிய மறுப்பு. இதற்கும் விடை நம்மிடமே இருக்கிறது. 1949-இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு, ஒரு பள்ளியில் 40 பேரோ ஒரு வகுப்பில் 10 பேரோ வேறு தாய்மொழியினராக இருந்தால் அவர்களுக்கு அம்மொழியில் கற்பிக்க ஆசிரியரை நியமிக்க வேண்டும் என்று முடிவு செய்தது. அதே அளவை இங்கும் கொள்ளலாம். ஒரு குடியிருப்பில் 40 குழந்தைகள் இருந்தால் ஒரு பேருந்து. 10 குழந்தைகள் இருந்தால் துணையாள் ஒருவருடன் ஒரு சிறிய வாகனம். தமிழ்வழியில் சேருவோர் குறைந்து வருகிறார்கள் என்பதும் மறுப்பாகாது. எந்த மொழியில் படிப்பது என்பதைப் பெற்றோர் விருப்பம் தீர்மானிக்கட்டும். பேருந்து இல்லாமை தீர்மானிக்கக் கூடாது.

இது தமிழருக்கு மட்டுமான சலுகையும் அல்ல. மராத்திவழிப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்படுவதாக மும்பையில் எழும் கவலைக்கும் இதில் பதில் உண்டு. தமிழ்நாட்டில் ஓசூர்ப் பகுதியின் தெலுங்கு, கன்னடக் குழந்தைகளும், வாணியம்பாடியின் உருதுக் குழந்தைகளும் இதே உரிமைக்கு உரியவர்களே. மும்பைத் தமிழருக்காகக் குரல் கொடுக்கும் தமிழகக் கட்சிகள் அதைத் தங்கள் மாநிலத்திலும் நடைமுறைப்படுத்த முன்வர வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. 6-ஆவது விதியில் 'பள்ளி' என்பதற்கு, குழந்தையின் பயிற்றுமொழியில் பாடம் நடத்தும் பள்ளி என்று விளக்கம் சேர்க்க வேண்டும். தூரத்தை வரைபடக் கோட்டால் அல்லாமல், குழந்தை உண்மையில் நடக்கும் வழியால் அளக்க வேண்டும். இடம்பெயர்க்கப்படும் குடும்பத்தின் குழந்தை, பழைய பள்ளியில் படிப்பை முடிக்கும்வரை வாகன வசதிக்குத் தகுதி உடையது என்று தாராவித் திட்டத்தின் நிபந்தனைகளிலேயே எழுதப்பட வேண்டும். அந்தச் செலவைத் திட்டத்தை நிறைவேற்றுவோரே ஏற்கச் செய்வதிலும் தவறில்லை. முதல் குடும்பம் தாராவியைவிட்டு லாரியில் ஏறுவதற்கு முன்பே இவை செய்து முடிக்கப்பட வேண்டும். பள்ளியைவிட்டு ஒருமுறை நின்றுவிட்ட குழந்தையைப் பின்னர் வரும் அரசாணை எதுவும் எளிதில் மீட்டுவிடாது.