கடலடிப் படத்துக்கு மெகாபிக்சல் மட்டும் போதாது

"டீச்சர், இதில் 50 மெகாபிக்சல் இருக்கிறது. கடலுக்கடியில் படம் எடுக்க இதை வாங்கலாமா?"

ஆய்வுக்கூடத்தில் முகவைகளைக் கழுவி அடுக்கிக் கொண்டிருந்தபோது படிவம் 4 மாணவர் ஒருவர் கைப்பேசித் திரையை நீட்டி இப்படிக் கேட்டார். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு பெர்ஹெந்தியான் தீவுக்குப் போகிறாராம். அங்கே முதல்முறையாக முக்குளிப்புப் பயிற்சி எடுக்கப் போகிறாராம். பிரிக்பீல்ட்ஸ் கடை ஒன்றில் விடுமுறை நாள்களில் வேலை செய்து சேர்த்த பணம் கையில் இருக்கிறது.

நான் பதிலுக்கு மூன்று கேள்விகள் கேட்டேன். எவ்வளவு ஆழத்துக்குப் போவாய்? படம் எடுக்கும் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கும்? வெளிச்சம் எங்கிருந்து வரும்? அவரிடம் பதில் இல்லை. அவர் காட்டிய விளம்பரத்திலும் இல்லை.

இந்த மூன்றுக்கும் விடை தெரியாமல் வாங்கும் கேமரா, எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் வீண் செலவு என்பது என் கருத்து. இப்போதுதான் முக்குளிக்கக் கற்றுக்கொள்பவருக்கு அது ஆபத்தும்கூட. காரணங்கள் எல்லாம் உங்கள் அறிவியல் பாடநூலிலேயே இருக்கின்றன.

சிவப்பு எங்கே போகிறது?

கடலடியில் முதன்முதலாகப் படம் எடுத்தவர்கள் எல்லாருக்கும் கிடைப்பது ஒரே ஏமாற்றம்தான். மீன், பவளம், நண்பரின் முகம் எல்லாமே நீலப் பச்சையாக இருக்கும். கேமரா பழுதில்லை. நீர் ஒளியை உறிஞ்சுகிறது. அதிலும் சிவப்பைத்தான் முதலில் உறிஞ்சுகிறது.

தூய நீரில் 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பொளி 5 மீட்டர் பயணம் செய்தால் ஏறக்குறைய 18 விழுக்காடுதான் மிஞ்சும். 10 மீட்டரில் 3 விழுக்காடு. அதே 10 மீட்டரில் 450 நானோமீட்டர் நீல ஒளியோ 90 விழுக்காடு அளவுக்கு மிஞ்சியிருக்கும். கேமராவின் உணரிக்குச் சிவப்பு வந்தே சேரவில்லை என்றால், 50 மெகாபிக்சலும் சேர்ந்து நீலத்தைத்தான் பதிவு செய்யும். பதிவாகாத சிவப்பை எந்த மென்பொருளும் உண்மையாகத் திருப்பித் தராது.

தீர்வு, வெளிச்சத்தை நாமே கொண்டுபோவதுதான். 1926-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஃபுளோரிடா கடலில் லாங்லி, சார்ல்ஸ் மார்ட்டின் ஆகிய இருவர் உலகின் முதல் கடலடி வண்ணப் படங்களை எடுத்தனர். மிதவை ஒன்றில் மெக்னீசியத் தூளை வைத்து வெடிக்கச் செய்து, அந்த வெளிச்சத்தில்தான் மீனைப் படம் பிடித்தார்கள். நமக்கு வெடி தேவையில்லை. கடலடி விளக்கோ ஃபிளாஷோ போதும். ஆனால் ஒரு கணக்கை மறக்கக்கூடாது. மீன் 1 மீட்டர் தூரத்தில் இருந்தால் ஒளி போக 1 மீட்டர், திரும்பி வர 1 மீட்டர். அந்த 2 மீட்டரிலேயே சிவப்பில் பாதி போய்விடும். ஆகவே, எவ்வளவு நல்ல விளக்காக இருந்தாலும் நாம் பொருளின் அருகில் போயாக வேண்டும்.

அருகில் போக இன்னொரு காரணமும் உண்டு. கிள்ளான் துறைமுகத்திலிருந்து கெத்தாம் தீவுக்குப் படகில் போனவர்களுக்கு அந்த நீரின் நிறம் தெரியும். ஏறக்குறைய தே தாரிக் நிறம். சேறும் நுண்துகள்களும் கலந்த நீர் அது. கிழக்குக்கரைத் தீவுகளில் நீர் தெளிவாக இருந்தாலும் துகள்கள் அறவே இல்லாமல் போவதில்லை. கெந்திங் மலைப்பாதையில் மூடுபனியின்போது காரின் உயர்விளக்கைப் போட்டால் என்ன ஆகும்? பாதை தெரியாது, வெள்ளைச் சுவர் ஒன்றுதான் தெரியும். கேமராவில் உள்ளமைந்த ஃபிளாஷ் நீருக்கடியில் செய்வதும் அதுதான். படம் முழுக்கப் பனி பெய்தது போல வெண்புள்ளிகள் விழும். விளக்கைக் கேமராவிலிருந்து விலக்கிப் பக்கவாட்டில் பொருத்தினால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். எனவே, வெளிவிளக்கைத் தாங்கும் கைப்பிடி பொருத்த முடியுமா என்று பார்த்து வாங்குங்கள்.

88 கிலோ தாங்குமா?

அடுத்தது அழுத்தம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அடிப்படை முக்குளிப்புச் சான்றிதழ் பெற்றவர் இறங்கக்கூடிய வரம்பு 18 மீட்டர். அந்த ஆழத்தில், 8 சென்டிமீட்டருக்கு 6 சென்டிமீட்டர் அளவுள்ள சிறிய கேமராவின் முகத்தின்மீது கடல்நீர் எவ்வளவு விசையைச் செலுத்தும்? ஆழம், அடர்த்தி, ஈர்ப்பு முடுக்கம் மூன்றையும் பெருக்கி, பரப்பளவாலும் பெருக்கிப் பாருங்கள். ஏறக்குறைய 870 நியூட்டன் வரும். 88 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் அதன்மேல் ஏறி நிற்பதற்குச் சமம்.

'நீர்புகாதது' என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் நம்பக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். கைப்பேசிகளில் காணும் ஐபி68 என்ற தரக்குறி, நன்னீரில், குறிப்பிட்ட சிறு ஆழத்தில், குறிப்பிட்ட நேரத்துக்குச் செய்யும் சோதனையைக் குறிப்பது. மழைக்கும் கைதவறி வாளியில் விழுவதற்கும் அது பாதுகாப்பு. கடலில் முக்குளிக்க அது உரிமம் அல்ல.

முக்குளிப்பவர்கள் கேமராவைத் தனி நீர்புகா உறைக்குள் வைப்பார்கள். அந்த உறையைக் காப்பது மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று. அதில் ஒரு தலைமுடியோ மணல்துகளோ சிக்கினால் போதும், நீர் உள்ளே புகுந்துவிடும். எனவே முதலில் கேமரா இல்லாமல், உறைக்குள் மெல்லிழைத்தாளை மட்டும் வைத்து, வாளி நீரில் அமிழ்த்திப் பாருங்கள். தாள் நனையாவிட்டால்தான் கேமராவை உள்ளே வைக்க வேண்டும். உறையைக் குளிரூட்டிய அறையில் மூடுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் போடுங்கள். நம் நாட்டின் ஈரக் காற்றை உள்ளே அடைத்து மூடினால், கடலின் குளிர்ச்சியில் அது நீராவிப் படலமாகக் கண்ணாடியில் படியும்.

அப்படியானால் எதை வாங்குவது?

எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள் என்பதுதான் இதை முடிவு செய்யும். கோப்ரோ ஹீரோ 13 போன்ற சாகசக் கேமரா 27 மெகாபிக்சல் கொண்டது. உறையில்லாமல் 10 மீட்டர் வரையும், தனி உறையோடு 60 மீட்டர் வரையும் தாங்கும். அகன்ற காட்சிக்கும் காணொளிக்கும் ஏற்றது. விரல்நுனி அளவுள்ள உயிரினத்தை நெருங்கி எடுக்க ஏற்றதல்ல. ஓஎம் சிஸ்டம் டிஜி-7 கேமராவில் இருப்பதோ 12 மெகாபிக்சல்தான். ஆனால் 1 சென்டிமீட்டர் தூரம் வரை நெருங்கித் தெளிவாகப் படம் எடுக்கும். உறையில்லாமல் 15 மீட்டர், உறையோடு 45 மீட்டர். பவளத்தில் ஊரும் சிறு கடல்நத்தையை எடுக்க விரும்பினால், பாதிக்கும் குறைவான மெகாபிக்சல் உள்ள இதுதான் பயன்படும்.

லென்ஸ் மாற்றும் பெரிய கேமராக்கள் இவற்றைவிடச் சிறந்த படம் தரும் என்பது உண்மை. ஆனால் அவற்றின் உறை விலை கேமராவின் விலையையே தாண்டுவதும் உண்டு. தட்டைக் கண்ணாடி முகப்பு உள்ள உறையில் ஒளிவிலகலால் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், காட்சியும் குறுகும். அதைச் சரிசெய்யக் குவிமாட முகப்பு வேண்டும். அதற்கும் தனிப் பணம். மாணவர்களுக்கு இது தேவையே இல்லை.

மூச்சும் பவளமும்

இனி நான் சொல்லப்போவதுதான் மிக முக்கியம். கேமரா ஆடாமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொள்வது நம் இயல்பு. தரையில் இதனால் கேடில்லை. முக்குளிக்கும்போது அப்படிச் செய்யவே கூடாது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் உள்ளதைப்போல் இரு மடங்கு. அங்கே நுரையீரலை நிரப்பிய காற்று, மேலே வரும்போது பாயில் விதிப்படி இரு மடங்காக விரியும். மூச்சை அடைத்தபடி சில மீட்டர் உயர்ந்தாலே நுரையீரல் கிழியலாம். படத்தின்மீது கண் வைத்தவருக்குத் தாம் மேலே மிதப்பது தெரியாமலே போய்விடும்.

மேலே போகாதவர் கீழே போகலாம். மிதவைக் கட்டுப்பாடு கைவராதவர் படம் எடுக்கும் ஆர்வத்தில் பவளத்தைப் பிடிப்பார், முழங்காலால் மிதிப்பார், துடுப்பால் அடிப்பார். பவளங்களில் பல ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் வளர்கின்றன. ஒரு படத்துக்காக நாம் உடைக்கும் கிளை, நம்மைவிட வயதானதாக இருக்கலாம். சிபாடான் தீவு 1989-இல் ஜாக் கூஸ்தோவின் ஆவணப்படம் வழியாக உலகப் புகழ் பெற்றது. பிறகு கூட்டம் பெருகி, 2004-ஆம் ஆண்டு இறுதியில் தீவிலிருந்த விடுதிகளையெல்லாம் அரசு வெளியேற்ற வேண்டியதாயிற்று. படத்தில் பார்த்த அழகைத் தேடி வந்த கூட்டமே அந்த அழகுக்குச் சுமையானது.

எனவே, முதல் சில முக்குளிப்புகளில் கேமராவே வேண்டாம் என்பேன். "விடுமுறை நாலு நாள்தானே, திரும்ப எப்போது போவேன்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அந்த நான்கு நாளில் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது அசையாமல் மிதப்பது. அது கைவந்தவருக்குச் சாதாரணக் கேமராவும் நல்ல படம் தரும்.

பெர்ஹெந்தியானில் கடலாமைகளை ஆராய்பவர்கள், ஆமையின் முகத்திலுள்ள செதில் அமைப்பைப் படத்தில் பார்த்தே ஒவ்வோர் ஆமையையும் அடையாளம் காண்கிறார்கள். நம் கைரேகை போல அது ஆமைக்கு ஆமை வேறுபடும். அதற்குத் தேவை, ஃபிளாஷ் இல்லாமல், ஆமையை விரட்டாமல், பக்கவாட்டில் தெளிவாக எடுத்த முகப்படம். விலையுயர்ந்த கேமரா தேவையில்லை. பொறுமையான முக்குளிப்பாளர் தேவை.

கடலுக்குப் போகும்வரை பயிற்சிக்கு கோலாலம்பூரிலேயே இடம் உண்டு. கேஎல்சிசி அக்குவேரியாவின் தொட்டிகளுக்கு முன்னால் நின்று, ஃபிளாஷை அணைத்துவிட்டு, நீந்தும் மீனின் கண் தெளிவாக விழும்வரை கைப்பேசியிலேயே எடுத்துப் பழகுங்கள்.

அந்த மாணவர் பணத்தை என்ன செய்யப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் வகுப்பு முடிந்ததும் வந்து, "டீச்சர், முக்குளிப்புச் சான்றிதழுக்கு எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார். இந்த முறை கேள்வி சரியாக இருந்தது.