மாமா கேட்ட தண்ணீர்

எங்கள் வீட்டில் 'மாமா' என்று கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருவர் உம்மாவின் தம்பி. மற்றவர் வாப்பாவின் தாயார். வாப்பா மாலைதீவைச் சேர்ந்தவர். அவருடைய தாய்மொழியான திவெஹியில் தந்தையின் தாயையும் தாயின் தாயையும் 'மாமா' என்றே அழைப்பார்கள். உம்மாவுக்கு ஊர் பேருவளை. எனக்கு ஆறு வயதாகும் வரை நாங்கள் மாலேயில் இருந்தோம். பிறகு இங்கே வந்துவிட்டோம். தம்பி இங்கேதான் பிறந்தான். எனக்குத் திவெஹி வரும். ஏழு வயதான தம்பிக்கு வராது. ஒரே வீட்டில் வளரும் இரண்டு பிள்ளைகளுக்கு இடையே உள்ள இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

சென்ற வருடம் கண் சத்திரசிகிச்சைக்காக மாமா கொழும்புக்கு வந்தார். சிகிச்சை முடிந்ததும் சில நாட்கள் எங்கள் வீட்டில் தங்கினார். ஒரு பின்னேரம் நான் பிரத்தியேக வகுப்புக்குப் போயிருந்தேன். உம்மா பக்கத்து வீட்டு மையித்துக்குப் போயிருந்தார். மாமாவுக்குப் பக்கத்தில் தம்பி மட்டும்தான். கண்ணில் கட்டோடு படுத்திருந்த மாமா அவனிடம், "ஃபென்" என்று கேட்டிருக்கிறார். திவெஹியில் அது தண்ணீர். தம்பி அதை 'ஃபேன்' என்று விளங்கிக்கொண்டு மின்விசிறியைப் போட்டான். அவர் மீண்டும் கேட்டார். அவன் வேகத்தைக் கூட்டினான். மூன்றாம் முறையும் கேட்க, கடைசி இலக்கம் வரைக்கும் திருப்பிவிட்டு, வேறென்ன செய்வதென்று தெரியாமல் கட்டிலருகே நின்றிருக்கிறான்.

நான் வீட்டுக்கு வந்தபோது மாமா போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். உதடு காய்ந்திருந்தது. நடந்ததைச் சொன்னதும் முதலில் சிரித்தவர் அவர்தான். தம்பியும் சிரித்தான். இரவு வீட்டுக்கு வந்து கதையைக் கேட்ட வாப்பா மட்டும் சிரிக்கவில்லை.

வாப்பா தம்பியோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார். முதலில் அப்படி இருக்கவில்லை. அவன் முன்பள்ளிக்குப் போன புதிதில் அதிகம் பேசாமல் இருந்தான். பேசும்போதும் ஒரு வசனத்தில் பாதி தமிழ், பாதி திவெஹி. "இரண்டு மொழியைப் போட்டுப் பிள்ளையைக் குழப்பாதீர்கள், திக்குவாய் வந்துவிடும். வீட்டில் ஆங்கிலம் பேசுங்கள்" என்று அங்கிருந்த ஆசிரியை ஒருவர் சொன்னார். இரண்டு மொழி அதிகமென்றால் மூன்றாவதைச் சேர்ப்பது எப்படி மருந்தாகும் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. வாப்பா அன்றோடு தன் மொழியை மகனிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

அந்த ஆசிரியை நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் அது பிழையான ஆலோசனை. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் திக்குவாய் வருவதில்லை. பிள்ளை இரண்டையும் கலந்து பேசுவது குழப்பமும் அல்ல. ஒரு மொழியில் இல்லாத சொல்லை மற்றதிலிருந்து எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு மொழியிலும் அதன் சொற்கள் சற்றுக் குறைவாகத் தெரியலாம். இரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால் பிள்ளை யாருக்கும் பின்தங்கியதாக இருக்காது. உண்மையிலேயே பேச்சுத் தாமதம் இருந்தால் அதற்கு வைத்தியரைப் பார்க்க வேண்டும். ஒரு மொழியை வீட்டை விட்டு அனுப்புவது அதற்குப் பரிகாரம் ஆகாது.

எங்கள் உம்மா ஒரு விடயத்தை அடிக்கடி சொல்வார். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டப்படி, நீண்ட காலமாகத் தந்தை இலங்கையராக இருந்தால்தான் பிள்ளை வம்சாவளியால் இலங்கைப் பிரஜை. தாய் மட்டும் இலங்கையராக இருந்தால் போதாது. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பிறகே தாய் வழியாகவும் அந்த உரிமை கிடைத்தது. அதற்கு முன்னர் பிறந்திருந்தால், சொந்த உம்மாவின் ஊரில் வாழ எங்களுக்கு விசா தேவைப்பட்டிருக்கும். தாயின் பங்கு இவ்வளவு காலம் கழித்துச் சட்டத்தால் கிடைத்தது. தந்தையின் பங்கை எந்தச் சட்டமும் எங்களிடமிருந்து பறிக்கவில்லை. அதை நாங்களே கைவிட்டோம்.

அப்படிக் கைவிட்ட மொழி எமக்கு அந்நியமானதா? வாப்பாவைத் திவெஹியில் 'பப்பா' என்பார்கள். நாம் மூத்த சகோதரியைத் 'தாத்தா' என்கிறோம். அவர்களும் கிட்டத்தட்ட அதே சொல்லால்தான் கூப்பிடுகிறார்கள். தமிழ்நாட்டில் அதே சொல் பாட்டனாரைக் குறிக்கும். திவெஹி சிங்களத்துக்கு நெருங்கிய உறவு: வீடு இரண்டிலும் 'கே', சிங்களத்தின் 'கிரி' அங்கே 'கிரு'. 'மஸ்' மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். சிங்களத்தில் அது இறைச்சி, திவெஹியில் மீன். நாம் சம்பலுக்கு இடிக்கும் மாசியை நினைத்துக்கொண்டால் மறக்காது.

எழுத்து இன்னும் அழகு. தானா எனப்படும் அவர்களது எழுத்தில் 24 எழுத்துகள். அரபைப் போல வலமிருந்து இடமாக எழுதுவார்கள். முதல் ஒன்பது எழுத்துகள் அரபு இலக்கங்களிலிருந்து உருவானவை. உயிர்க் குறிகள் அரபு ஹரகத்துகளைப் போல மேலும் கீழும் வரும். குர்ஆன் மத்ரஸாவில் உட்கார்ந்த ஒரு பிள்ளைக்கு இதில் பாதி வேலை முடிந்த மாதிரி. எமது முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத்தமிழ் வளர்த்தவர்கள் அல்லவா? இந்த வழி நமக்குப் புதிதல்ல.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் அதைக் கஷ்டப்பட்டுத்தான் படிக்கிறேன். ஆனால் ஆங்கிலத்தைப் பாடசாலை தரும், வகுப்புத் தரும், கைத்தொலைபேசி தரும். திவெஹியைத் தர எங்கள் வீதியில் வாப்பாவைத் தவிர வேறு ஆள் இல்லை. அவர் பேசாவிட்டால் தம்பிக்கு அது இல்லை.

இது கலப்புத் திருமணம் செய்த வீடுகளின் பிரச்சினை மட்டும் என்று வாசிக்கும் பெற்றோர் நினைக்க வேண்டாம். என் வகுப்பில் ஒரு தோழியின் சாச்சி அவுஸ்திரேலியாவில் இருக்கிறார். விடுமுறைக்கு வரும் அவரது பிள்ளைகள் உம்மும்மாவைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள், பேச முடியாது. உம்மும்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். இங்கேயே, தாயும் தகப்பனும் தமிழ் பேசுகிறவர்களாக இருந்தும், பிள்ளையோடு மட்டும் அரைகுறை ஆங்கிலம் பேசும் வீடுகள் எத்தனை! கோபம் வந்தால் தமிழ், கொஞ்சினால் ஆங்கிலம். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் என்றால் ஏச்சு என்றுதானே படும்?

சூரா அர்ரூமின் 22ஆவது வசனம் மொழிகளின் வேறுபாட்டை அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் ஒன்றாகச் சொல்கிறது. ஒரே வீட்டில் அப்படிப்பட்ட இரண்டைக் கொடுத்திருக்கும்போது ஒன்றைச் சுமையென்று இறக்கி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மாமா ஊருக்குப் போன பிறகு வாப்பா தன் வழக்கத்தை மாற்றினார். தம்பியோடு பள்ளிவாசலுக்கு நடக்கும் பத்து நிமிடமும் திவெஹி மட்டும்தான். தம்பி தமிழில் பதில் சொல்கிறான். முதல் வாரம் வாப்பா அதற்குக் கோபப்பட்டார். அவன் பேச்சையே நிறுத்திவிட்டான். இப்போது விட்டுவிட்டார்; அவர் ஒரு மொழியில் கேட்கிறார், அவன் மறுமொழியில் சொல்கிறான், நடை தொடர்கிறது. உம்மாவும் சமையலறையில் நின்று காதில் விழுவதைப் பொறுக்குகிறார். திருமணமாகி இத்தனை வருடத்தில் இப்போதுதான் அவருக்கும் மாமியாரோடு நேரடியாகப் பேச ஆசை வந்திருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை வீடியோ அழைப்பில் மாமா இருமினார். தம்பி என் கையிலிருந்த தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டு, "மாமா, ஃபென்?" என்று கேட்டான். மாலேயில் இருப்பவருக்கு இங்கிருந்து எப்படித் தண்ணீர் கொடுப்பான்? ஆனாலும் மாமா "ஆம்" என்று தலையாட்டிவிட்டு, எழுந்து போய் ஒரு குவளையை எடுத்துவந்து, அவன் பார்க்கும்படி முழுவதையும் குடித்துக் காட்டினார்.